தாழ்ப்பாளுக்குச் சீட்டு இல்லை

ஜூலை 3, வியாழன்

ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு செத்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரன் ஓசியில் கொடுத்த இந்த டைரியை அம்பாசமுத்திரத்தில் ஆறு மாதமாகத் திறக்கவே இல்லை. இங்கே வந்து அரை நாளில் திறந்துவிட்டேன். பேச ஆள் இல்லாத வீட்டில் வேறு என்ன செய்ய?

வீடாம் வீடு. பெரும்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் ஒரு புறாக்கூண்டு. என் அப்பா எனக்கு எழுதிவைத்த வயலை விற்று வாங்கியது, அதனால் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் பில்டிங்காரன் பல் விளக்குவது தெரிகிறது. இதைத்தான் என் மகன் சைலு ‘வியூ’ என்று போனில் பீற்றிக்கொண்டிருந்தான்.

சைலுவுக்கு முப்பத்தெட்டு வயது. ஊர்ப் பக்கம் பார்த்த பெண்களெல்லாம் ஒன்றுபோல வேண்டாம் என்றார்கள். கடையத்துப் பெண் நிச்சயம் வரை வந்து, ஒரு மாதம் இவனோடு போனில் பேசிவிட்டு, மாட்டேன் என்றது. காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. திமிர். கடைசியில் ஒரு தரகன் ஒரிசாவிலிருந்து இந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினான். சஸ்மிதா என்று பெயர். என் வாயில் நுழையவில்லை, நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. சைலு நாக்பூரில் வேலை பார்த்தவன், அவளோடு இந்தியில் பேசுகிறான். எனக்கு இந்தியும் தெரியாது, ஒரியாவும் தெரியாது. அவளுக்குத் தமிழில் ‘அம்மா’ மட்டும் தெரியும்.

இதற்கு என் மகன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். வீடு முழுக்க வெள்ளைச் சீட்டு. ஆபீசில் அச்சடித்து எடுத்துவந்து ஒட்டியிருக்கிறான். சோபாவில் சோபா என்று இங்கிலீஷில். நாற்காலியில் சேர். அலமாரியில் கப்போர்டு. கண்ணாடியில் மிரர், வாளியில் பக்கெட். கதவுகளில் கிச்சன், பெட்ரூம், பாத்ரூம், ஸ்டோர் ரூம். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்ட நான் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். சந்தையில் விலை எழுதி ஒட்டிய சாமான்களுக்கு நடுவே நிற்கிற மாதிரி இருந்தது.

தமிழ் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கேட்டேன். தமிழ் வந்தால் அக்கம்பக்கத்தில் வம்பு பேசக் கிளம்பிவிடுவாளாம். பிறகு என்னைக் கூப்பிட்டதற்கான விஷயத்தைச் சொன்னான்.

“ஆடி முடியதுக்குள்ள இவள ஒரு வழிக்குக் கொண்டாம்மா. இல்லன்னா டிக்கெட் எடுத்து அவ ஊருக்கே அனுப்பிருவேன். அங்க அவ அண்ணன் வீட்டு வாசல்ல கூட ஏத்த மாட்டான்.”

பாவம் என் பிள்ளை. கல்யாணமாகியும் நிம்மதி இல்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று எங்கள் சம்பாஷணை முழுவதும்:

நான்: கிச்சன். அவள்: கிச்சன், எஸ் அம்மா. நான்: ஸ்பூன். அவள் கரண்டியைக் கொடுத்தாள். நான்: நோ. அவள் பெரிய கரண்டியைக் கொடுத்தாள். நான்: நோ, நோ. அவள் கரண்டி டிராயரையே உருவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

புளிக்குழம்பு வைக்க இவளோடு இங்கிலீஷ் பேச வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

பீங்கான் தட்டு ஒன்றைப் போட்டு உடைத்தாள். கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு பிறந்தவள். சைலு கடைக்குப் போய்விட்டு வந்ததும் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. அவளைப் பார்த்து இந்தியில் மெதுவாக ஏதோ சொன்னான். அவன் அப்பாவாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். என் மகன் குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை.

ஜூலை 7, திங்கள்

எழுத நல்ல விஷயம் ஒன்று கிடைத்தது. ஆபீசுக்குக் கிளம்பும்போது சைலு என்னைத் தனியாக அழைத்தான். அவள் வீட்டுக்குத் தூரமாம். மூன்று நாள் ஸ்டோர் ரூமில் இருக்கட்டும் என்றான். விவரம் தெரியாதவள், மறந்துபோய் அடுப்படிக்குள் வந்துவிடுவாள், அதனால் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவைக்கச் சொன்னான்.

என் வயிறு குளிர்ந்துவிட்டது. சென்னையில் குடியிருந்து, வேற்று மாநிலத்துப் பெண்ணைக் கட்டியும், நம் வழக்கத்தை விடாமல் இருக்கிறான் பாருங்கள். என் தங்கை மகன் வீட்டில் அந்த நாளில் மருமகள் சாமி விளக்கைத் துடைக்கிறாள். தங்கையிடம் போனில் இதைச் சொல்ல வேண்டும்.

ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளும் பழைய மின்விசிறியும் ஒரு பாயும் இருக்கின்றன. ஜன்னல் இல்லை, ஆனால் லைட் இருக்கிறது. தாழ்ப்பாள் புதிது, பளபளவென்று. எலிக்காகப் போட்டதாகச் சொன்னான். ஒன்பதாவது மாடிக்கு எலி ஏறி வருகிற ஊர்.

மதியம் தட்டைக் காலால் தள்ளாமல் கையாலேயே வைத்தேன். அந்த மட்டுக்கு நான் நல்லவள். பாத்ரூம் போகக் கதவைத் தட்டினால் திறந்துவிட்டேன், திரும்பி வந்ததும் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் சும்மாவே தட்டிக்கொண்டிருந்தாள். “பெட்ரூம் அம்மா, பெட்ரூம்” என்று ஒரே அழுகை. அந்த நேரத்தில் மெத்தை கேட்கிறது மகாராணிக்கு! இடுப்புவலியாக இருக்கும் என்று சுக்குக் கஷாயம் போட்டு உள்ளே வைத்தேன். குடிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தட்டுவதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது போல.

ஜூலை 10, வியாழன்

குளித்துவிட்டு வெளியே வந்தாள். துவைத்த துணி ஒன்றும் காணோம், குப்பைக்கூடையிலும் ஒன்றும் இல்லை. இந்தக் காலத்துப் பெண்கள் எதை எங்கே போடுகிறார்களோ, கேட்கவே கூசுகிறது.

மூன்று நாளில் அவள் முகம் சுருங்கிப்போயிருக்கிறது. ஆனால் வேலையில் சுறுசுறுப்பு வந்திருக்கிறது. நான் ‘டே’ என்று ஆரம்பிக்கும்போதே டேபிளைத் துடைக்கிறாள். சைலு சொன்னது சரிதான், வழிக்கு வருகிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஜெசிந்தா இன்று கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்தாள். புருஷன் ராணுவத்தில் இருந்தானாம், ஊர் ஊராகச் சுற்றியவளாம், இந்தி தண்ணீர் பட்ட பாடாம். யார் கேட்டது? உள்ளே எட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “உங்க மருமகளை அடிக்கடி காணோமே அம்மா. உடம்பு எதும் முடியலையா?”

எங்கள் வீட்டில் சில முறைகள் உண்டு, அது எல்லோருக்கும் புரியாது என்றேன். முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும். இருக்கட்டும்.

அவள் போன பிறகு பார்த்தால் நம்ம மகாராணி பால்கனியில் நின்றுகொண்டு, அவள் பால்கனியைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். இந்தியில் ஏதோ கேட்கவும் செய்தாள். சைலுவிடம் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும், அவன் பெண்டாட்டி.

ஜூலை 14, திங்கள்

மறுபடியும் தூரமாம்! என்ன உடம்போ இது. தாழ்ப்பாளைப் போட்டேன்.

ஜூலை 16, புதன்

ஒரு வாரத்துக்குள் இரண்டு தரம் என்றால் அது வியாதி. லேடி டாக்டரிடம் காட்டு என்று சைலுவிடம் சொன்னேன். “அதெல்லாம் வேண்டாம்மா, அங்க எல்லாருக்கும் அப்படித்தான்” என்று டிவியைப் பார்த்தபடியே சொல்கிறான். ஒரிசாக்காரிகளுக்கு உடம்பு வேறு மாதிரி படைத்திருக்கிறதாக்கும். பெண்டாட்டி உடம்புக்குச் செலவு செய்ய மனசில்லாத கருமி. அவன் அப்பாவும் அப்படியே. என் கர்ப்பப்பைக் கட்டி எலுமிச்சம்பழம் அளவு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார்.

நாட்டு மருந்துக்கடையில் அசோகப்பட்டை வாங்கிக் காய்ச்சினேன். கதவைத் திறந்து டம்ளரை நீட்டினால், சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் என்ன விஷமா கொடுக்கிறேன்?

ஜூலை 19, சனி

வெளியே விட்ட இரண்டாம் நாளே கைவரிசையைக் காட்டிவிட்டாள். நான் குளிக்கப் போன நேரத்தில் என் போனை எடுத்து யாருக்கோ பேசியிருக்கிறாள். நம்பர் அப்படியே கிடக்கிறது. கேட்டால் “மம்மி, மம்மி” என்கிறாள். அம்மாவோடு பேச அவளுக்கென்று போன் கிடையாதா என்று சைலுவிடம் கேட்டேன். அது ரிப்பேராம். யாரோடு பேசினாள் என்று என் போனை வாங்கிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

தூரம்.

எனக்கு எதுவோ சரியாகப் படவில்லை. ஆனாலும் போட்டேன்.

ஜூலை 25, ஆடி வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

காலையில் மாவிளக்குக்கு அவளையே பச்சரிசி இடிக்கச் சொன்னேன். வெல்லம் தட்டிக் கொடுத்தாள், நெய் ஊற்றினாள், திரி போட்டாள். பூஜை முடிந்தது. நான் பாத்ரூமுக்குப் போனால், பக்கெட் என்று சீட்டு ஒட்டிய வாளியில் அவள் உள்பாவாடை ஊறுகிறது. தண்ணீர் சிவந்திருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆடி வெள்ளியும் அதுவுமாகத் தீட்டோடு விளக்கைத் தொட்டிருக்கிறாள்! வெளியே வந்து, “ஏட்டி, ஸ்டோர் ரூம்!” என்று கத்தினேன்.

அப்படியே என் காலில் விழுந்தாள். இரண்டு காலையும் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறாள். “நோ ஸ்டோர் ரூம் அம்மா. நோ பிளேட். நோ பால்கனி. நோ போன்.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இன்றைக்கு எந்தத் தட்டு உடைந்தது? எனக்கு விளங்கவில்லை. வாளியைக் காட்டி, பாத்ரூம், ஸ்டோர் ரூம் என்றேன். அவள் வாளியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

பிறகு எழுந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கிச்சன் ஷெல்ஃபில் சீட்டைத் தொட்டு, “பிளேட்” என்று சொல்லி, கீழே போட்டு உடைப்பது போலக் கையால் காட்டினாள். “ஸ்டோர் ரூம்.” பால்கனிக் கதவுச் சீட்டைத் தொட்டாள். கையை ஆட்டிக் காட்டினாள். “ஸ்டோர் ரூம்.” டேபிள் மேல் கிடந்த என் போனைத் தொட்டுக் காதில் வைத்தாள். “மம்மி. ஸ்டோர் ரூம்.” அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் அவ்வளவுதான், எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

இவளுக்கு நான் வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் தூரம். முந்தின மூன்று தரமும் தண்டனை.

தட்டும் பால்கனியும் போனும் அவனுக்கு எப்படித் தெரியும் என்று உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க அதில் என்ன இருக்கிறது.

ஜூலை 26, சனி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். பிற்பாடு நானே மாற்றிச் சொல்லக் கூடும்.

சாயங்காலம் அவன் வரும்போது அவள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். தொட்டால் குளிக்க வேண்டும். குளிக்கவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல், அவள் ஏன் ஹாலில் இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டான்.

இன்றைக்குத்தான் அவள் தூரம், இதற்கு முன்னால் மூன்று தரம் என்ன என்று கேட்டேன். சிரித்தான். மழுப்புகிற சிரிப்பு. கொஞ்சம் பயம் இருந்தால்தான் இதுகள் ஒழுங்காக இருக்குமாம். கைநீட்டி ஒரு அடி அடித்தது உண்டா என்று கேள், நான் அப்பா மாதிரி கத்துகிறவனா என்று கேட்கிறான். படித்தவன், நிதானமாகப் பேசுகிறவன், ஆபீசில் பத்துப் பேருக்கு மேலே இருக்கிறவன். ஒரு பெண்ணை அடைத்து வைக்கத் தன் அம்மாவின் தீட்டைக் கடன் வாங்கியிருக்கிறான். எனக்கு அவனைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளை மேல் இப்படி ஒரு எண்ணம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடையத்துப் பெண் ஒரு மாதம் போனில் பேசியே இவனைக் கண்டுகொண்டது. எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

“ஏலே, இது என் வீடு. உன் துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு” என்றேன்.

“இந்த ஒரிசாக்காரிக்காகவா?”

“அவளுக்காக ஒண்ணும் இல்ல. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்காது.”

ஊரில் என்ன பேசுவார்கள் என்றான். பேசட்டும் என்றேன். பையில் துணியைத் திணித்துக்கொண்டு வாசல் வரை போனவன் நின்று திரும்பினான். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

“நீ பெரிய ஞாயஸ்தியாம்மா? நான் ஒரு நாளாவது அந்தத் தாழ்ப்பாளத் தொட்டிருக்கேனா? போட்டதெல்லாம் நீதான?”

கதவைச் சாத்தினேன்.

ஜூலை 28, திங்கள்

ஜெசிந்தா வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்த டைரியில் அவளைப் பற்றி எழுதியிருப்பதை அவள் பார்த்தால் கதவைத் திறந்திருக்க மாட்டாள். ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பிள்ளை இந்தியில் பேசியது, பேசியது, அப்படிப் பேசியது. இந்த மூன்று வாரமாக ‘எஸ் அம்மா’ என்று நின்றதற்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. நடுவில் ஜெசிந்தா என் பக்கம் திரும்பி, “அம்மா, இவ சொல்றது...” என்று ஆரம்பித்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்குச் சொல்ல வேண்டியதை அது சீட்டுகளைத் தொட்டுச் சொல்லியாயிற்று.

அவள் அண்ணனோடு போனில் பேசினார்கள். வாசலில் ஏற்ற மாட்டான் என்று சைலு சொன்னானே, அந்த அண்ணன் போனிலேயே அழுதான். சனிக்கிழமை வருகிறானாம். போவதா, இங்கே என்னோடு இருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும், ரயில் டிக்கெட்டைத் திரும்பிவரவும் சேர்த்தே எடுத்துத் தருகிறேன் என்று ஜெசிந்தாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவள் எஸ் என்றும் சொல்லவில்லை, நோ என்றும் சொல்லவில்லை.

சைலு மூன்று தரம் போன் செய்தான். ஊரிலிருந்து என் தங்கையும் செய்தாள், புத்தி சொல்ல. அவள் மருமகள் விளக்கைத் துடைத்தால் துடைத்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

இன்று ஆசாரி வந்தார். ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். புதுசு அம்மா, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறதுதான் பிரச்சினை என்றேன். நான்கு திருகாணியைக் கழற்றி அதை டேபிள் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அவள் சமையல்கட்டிலிருந்து வந்து அதைக் கையில் எடுத்தாள். வீட்டில் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டிய என் மகன் இதற்கு மட்டும் ஒட்டவில்லை. அதனால் இதன் பெயர் இங்கிலீஷில் என்னவென்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“அம்மா, வாட்?” என்றாள்.

“தாழ்ப்பாள்.”

“தாழ்பா.” சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தரம் கொஞ்சம் சரியாக வந்தது. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ் வார்த்தை.

பிறகு அதை டேபிள் மேல் வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்தாள். என் இரண்டு வளையல்களையும் விரலால் லேசாக ஆட்டினாள். கிணுங்கின. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு தரமும் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

“அம்மா. தாழ்ப்பா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சோபாவைச் சோபா என்று சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள்.

“ஆமா” என்றேன்.